போட்டிக்குத் துப்பாக்கியைக் காரில் கொண்டுபோவது எப்படி?

கேள்வி: .22 ரைஃபிள் பிரிவிலும் 10 மீட்டர் ஏர் பிஸ்டல் பிரிவிலும் பயிற்சி எடுத்து வருகிறேன். இரண்டுக்கும் உரிய ஆவணங்கள் என் பெயரில் இருக்கின்றன. அடுத்த மாதம் வெளியூரில் போட்டி. காரில் ஆறு மணி நேர ஓட்டம், நடுவே ஒரு மாநில எல்லை, ஓர் இரவு விடுதியில் தங்கல். எங்களுடையது ஹாட்ச்பேக் வண்டி. தனி டிக்கி கிடையாது. யார் கண்ணையும் உறுத்தாமல், சட்டத்துக்கும் குறை வைக்காமல் இவற்றை எப்படிக் கொண்டுபோவது? வண்டி ஓட்டப்போவது என் கணவர். அவருக்கு உரிமம் இல்லை. போட்டி முடிந்ததும் நான் அங்கிருந்தே ரயிலில் வேறு ஊருக்குப் போக வேண்டியிருக்கிறது. அவர் மட்டும் துப்பாக்கிகளோடு வீடு திரும்பலாமா? — ஒரு வாசகி

பதில்: கடைசிக் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். மற்றவற்றில் தவறு நேர்ந்தால் பெரும்பாலும் திருத்திக்கொள்ளலாம். இதில் நேர்ந்தால் உங்கள் கணவர் மேல் வழக்கு வரும், உங்கள் உரிமமும் போகும். அவரைத் தனியாக அனுப்பாதீர்கள். துப்பாக்கி உங்கள் பெயரில் இருப்பதும், பெட்டி பூட்டியிருப்பதும் அவரைக் காப்பாற்றாது. காரில் அவர் மட்டும் இருக்கும்போது ஆயுதம் அவர் வசத்தில் இருப்பதாகத்தான் பெரும்பாலான சட்டங்கள் பார்க்கும். விதிவிலக்குகளும் உண்டு. இந்தியாவின் 1959 ஆயுதச் சட்டம் மூன்றாம் பிரிவில், உரிமம் உள்ளவர் உடனிருந்தாலோ எழுத்து மூலம் அதிகாரம் கொடுத்திருந்தாலோ, பழுது பார்க்கவும், உரிமம் புதுப்பிக்கவும், உரிமம் உள்ளவரின் உபயோகத்துக்காகவும் இன்னொருவர் ஆயுதத்தைக் கொண்டுசெல்லலாம் என்று இருக்கிறது. ஆனால் போட்டி முடிந்து வீட்டுக்குத் திரும்பும் பயணம் இந்த மூன்றில் எதில் அடங்கும் என்று நள்ளிரவுச் சோதனைச் சாவடியில் நின்று அவர் வாதாட வேண்டியிருக்கும். அந்த நிலைக்கு அவரை ஆளாக்க வேண்டாம். ரயில் பயணத்தைத் தள்ளிவையுங்கள். முடியாவிட்டால் போட்டி நடக்கும் ரேஞ்சின் (சுடுகளத்தின்) ஆயுதக் காப்பறையில் முறைப்படி ஒப்படைத்து ரசீது வாங்கிக்கொண்டு, பிறகு நீங்களே வந்து எடுத்துச்செல்லுங்கள்.

போகும் வழியில் அவர் ஓட்டுவதில் தடை இருக்காது. நீங்கள் அதே வண்டியில் இருக்க வேண்டும், சாவிகள் உங்களிடம் இருக்க வேண்டும்.

அடுத்து 'கண்ணை உறுத்தாமல்' என்ற விஷயம். மறைப்பது திருடனிடமிருந்து, காவல்துறையிடமிருந்து அல்ல. இதில் குழப்பம் கூடாது. இருக்கைக்கு அடியில் ரகசிய அறை செய்வது, ஸ்டெப்னி குழிக்குள் துப்பாக்கியைத் திணிப்பது, கதவுப் பலகைக்குள் செருகுவது எல்லாம் நேர்மையான உரிமதாரரைக் கடத்தல்காரர்போலக் காட்டிவிடும். சில இடங்களில் அப்படி ரகசிய அறை வைத்திருப்பதே தனிக் குற்றம். வெளியில் நிற்பவருக்கு அது வெறும் மூட்டைமுடிச்சாகத் தெரிய வேண்டும். அதிகாரி கேட்டால் ஒரே வாக்கியத்தில் எங்கே, எந்த நிலையில் இருக்கிறது என்று சொல்ல முடிய வேண்டும். இவ்வளவுதான் தேவை.

எந்த நாட்டில் இருக்கிறீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. ஆகவே சட்டத்தைப் பற்றிப் பொதுவாகச் சொல்லி, சில இடங்களை எடுத்துக்காட்டுகிறேன். பெரும்பாலான சட்டங்கள் துப்பாக்கி காலியாக இருப்பதையும், பூட்டப்பட்டிருப்பதையும், ஓட்டுநர் சட்டென்று எடுக்க முடியாத இடத்தில் இருப்பதையும்தான் பார்க்கின்றன. சிக்கல் விவரங்களில் வருகிறது. 'காலி' என்பதற்கே இடத்துக்கு இடம் பொருள் மாறும். நியூயார்க் மாநிலத் தண்டனைச் சட்டப்படி, கைத்துப்பாக்கியும் அதில் போடக்கூடிய தோட்டாவும் ஒரே சமயத்தில் ஒருவர் வசம் இருந்தால், தோட்டா உள்ளே போகாவிட்டாலும் அது குண்டு நிரப்பிய துப்பாக்கிதான்.

அமெரிக்காவில் மாநிலம் விட்டு மாநிலம் போகிறவர்களுக்கு 1986ஆம் ஆண்டின் கூட்டாட்சிச் சட்டம் ஒரு பாதுகாப்புத் தருகிறது. புறப்படும் இடத்திலும் போய்ச்சேரும் இடத்திலும் ஆயுதம் வைத்திருக்க உங்களுக்கு உரிமை இருந்தால், வழியிலுள்ள மாநிலத்தின் தடை உங்களைத் தடுக்காது. ஆனால் துப்பாக்கி காலியாக இருக்க வேண்டும். துப்பாக்கியோ தோட்டாவோ பயணிகள் பகுதியிலிருந்து எட்டும்படி இருக்கக் கூடாது. ஓட்டுநர் பகுதியிலிருந்து பிரிந்த தனி அறை இல்லாத வண்டியில் பூட்டிய பெட்டிக்குள் இருக்க வேண்டும். க்ளவ் பாக்ஸும் நடுக் கன்சோலும் அந்தப் பெட்டியாகாது என்று சட்டமே எழுதிவைத்திருக்கிறது. உங்களுடையதைப் போன்ற ஹாட்ச்பேக் இந்த வகையில்தான் வரும்.

அந்தப் பாதுகாப்புக்கும் எல்லை உண்டு. விமான இணைப்பு தவறியதால் நடுவழி மாநிலத்தில் துப்பாக்கிப் பெட்டியோடு விடுதியில் ஓர் இரவு தங்கிய பயணி ஒருவர், மறுநாள் நியூ ஜெர்சியின் நியூவர்க் விமான நிலையத்தில் கைதானார். விடுதியில் இருந்தபோது ஆயுதம் அவர் கைக்கு எட்டும்படி இருந்ததால் 1986ஆம் ஆண்டுச் சட்டத்தின் நிழல் அவருக்குக் கிடைக்காது என்று 2010இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொல்லிவிட்டது. அவர் யாருக்கும் தீங்கு நினைக்கவில்லை. ஆகவே இரவுத் தங்கலை நடுவழி மாநிலத்தில் வைக்காமல், உங்கள் ஆவணம் முழுமையாகச் செல்லுபடியாகும் இடத்தில் வையுங்கள். ஒரு மணி நேரம் கூடுதலாக ஓட்டினாலும் பரவாயில்லை.

இன்னொரு பக்கம் இந்தியாவின் 2016 ஆயுத விதிகளைப் பாருங்கள். பொது இடத்தில் துப்பாக்கியை அதற்கென அமைந்த உறையில், வெளியே தெரியாமல் முழுவதும் மூடி, கொண்டுசெல்பவரின் கட்டுப்பாட்டில் வைத்திருக்கச் சொல்கின்றன. ஓரிடத்தில் 'எட்டாமல் வை' என்கிற சட்டம், இன்னோரிடத்தில் 'உன் கட்டுப்பாட்டில் வை' என்கிறது. இரண்டையும் ஒருசேர நிறைவேற்ற ஒரு வழி இருக்கிறது: பூட்டிய பெட்டி, அந்தப் பெட்டி இருக்கும் வண்டியை விட்டு நீங்காத உரிமதாரர். இந்திய உரிமத்தில் செல்லுபடியாகும் பரப்பு எது என்று எழுதியிருக்கும். ஒரு மாவட்டத்துக்கோ மாநிலத்துக்கோ மட்டுமானால் எல்லை தாண்டுவதற்கு முன்பே அனுமதி வாங்க வேண்டும். தோட்டா எண்ணிக்கைக்கும் வரம்பு அதிலேயே இருக்கும். வழியில் எங்காவது தேர்தல் அறிவிப்பு வந்து ஆயுதத் தடை உத்தரவு நடப்பில் இருக்கிறதா என்றும் பாருங்கள். விளையாட்டு வீரர்களுக்கு விலக்கு கிடைப்பது வழக்கம்தான். ஆனால் அது எழுத்தில் கையில் இருக்க வேண்டும்.

ஜெர்மனியில் சுடத் தயாராகவும் எடுக்கத் தயாராகவும் இல்லாத நிலையில் கொண்டுபோக வேண்டும். பூட்டிய பெட்டி அதை நிறைவு செய்கிறது. கனடாவில் கட்டுப்பாட்டு வகையில் வரும் கைத்துப்பாக்கிக்குப் பாதுகாப்புப் பூட்டும், உள்ளே இருப்பது தெரியாத பூட்டிய பெட்டியும், தனிப் பயண அனுமதியும் வேண்டும். அந்த அனுமதியும் நியாயமான நேர்வழிக்குத்தான் செல்லும். ஐரோப்பிய ஒன்றிய நாடுகளுக்கிடையே போவதானால் ஐரோப்பியத் துப்பாக்கிப் பாஸும், போட்டி அழைப்புபோன்ற காரணச் சான்றும் தேவை. இத்தனையையும் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. உங்கள் வழியில் எந்த இடத்தின் விதி மிகக் கடுமையோ அதையே வீட்டு வாசலிலிருந்து கடைப்பிடியுங்கள். எல்லைக்கோட்டில் வண்டியை ஓரங்கட்டி, நெடுஞ்சாலையில் துப்பாக்கிப் பெட்டியைத் திறந்து இடம் மாற்றுவதைவிட மோசமான யோசனை கிடையாது.

ஏர் பிஸ்டலைப் பற்றி ஒரு வார்த்தை. பல இடங்களில் குறைந்த ஆற்றலுள்ள காற்றுத் துப்பாக்கிக்கு உரிமம் வேண்டாம். ஆனால் கார் கண்ணாடி வழியே பார்க்கிற காவலருக்கு அது கைத்துப்பாக்கிதான். ரைஃபிளை எப்படிப் பூட்டுகிறீர்களோ அப்படியே இதையும் பூட்டுங்கள்.

புறப்படும் முன் துப்பாக்கியைக் காலி செய்வதில் வரிசை முக்கியம். குழல் பாதுகாப்பான திசையில் இருக்கட்டும், விரல் டிரிகருக்கு வெளியே இருக்கட்டும். முதலில் தோட்டாக்களை அடுக்கும் கூடான மேகசினைக் கழற்றுங்கள். அதற்குப் பிறகுதான் குழலின் பின்பக்கத்தை அடைக்கும் போல்ட்டைத் திறக்க வேண்டும். வரிசையை மாற்றி, மேகசின் உள்ளே இருக்கும்போதே போல்ட்டை இழுத்துத் தள்ளினால், குழலின் பின்முனை அறையான சேம்பரில் இருந்த தோட்டா வெளியே விழும். மேகசினிலிருந்து அடுத்தது உள்ளே ஏறும். விழுந்த தோட்டாவைப் பார்த்து மனம் நிம்மதியடைந்துவிடும், துப்பாக்கியோ நிரம்பியிருக்கும். 'காலி' துப்பாக்கி வெடித்தது என்று கேள்விப்படும் விபத்துகளில் இந்த வரிசைப் பிழை அடிக்கடி தலைகாட்டுகிறது. போல்ட் திறந்தபின் வெளிச்சத்தில் சேம்பரைக் கண்ணால் பாருங்கள், சுண்டுவிரலால் தொட்டும் பாருங்கள். .22 தோட்டா சிறியது. அதன் விளிம்பு உடைந்து வெற்றுக்கூடு உள்ளேயே சிக்கிக்கொள்வதும் உண்டு. பிறகு சேம்பர் காலி என்று காட்டும், பளிச்சென்ற நிறத்தில் இருக்கும் சேம்பர் ஃபிளாகைச் செருகுங்கள். ரேஞ்சில் உங்களுக்கு இது பழக்கம்தான். பெட்டிக்குள்ளும் அது இருக்கட்டும். எந்த அதிகாரி பெட்டியைத் திறந்தாலும் முதல் பார்வையிலேயே விஷயம் விளங்கிவிடும்.

உங்கள் ரைஃபிளில் போல்ட்டைக் கழற்ற முடியுமானால் கழற்றித் தனிப்பையில் வையுங்கள். வண்டியைவிட்டு இறங்கும்போது போல்ட்டை உடன் எடுத்துச்செல்வது பிரிட்டனில் காவல்துறை வழிகாட்டுதலே சொல்லும் நடைமுறை. திருடியவனுக்குச் சுட முடியாத இரும்புத் தடிதான் மிஞ்சும். ஆனால் ஐரோப்பிய நாடுகள் உட்படப் பல இடங்களில் போல்ட்டும் குழலும் தனித்தனியாகவே ஆயுதத்தின் முக்கியப் பாகங்களாகக் கருதப்படுகின்றன. அதையும் உங்கள் கணவரின் சட்டைப் பையில் போட்டு அனுப்பக் கூடாது.

டிரிகர் பூட்டு போடுவதானால் காலி என்று உறுதியான பிறகு மட்டுமே போடுங்கள். நிரம்பிய துப்பாக்கியில் அதைப் பொருத்தும்போதே டிரிகர் அழுந்தி வெடிக்கலாம். அதைவிடக் கேபிள் பூட்டு எனக்குப் பிடிக்கும். மேகசின் குழியில் நுழைத்து, தோட்டாக்கூடு வெளியேறும் துளை வழியாக எடுத்துப் பூட்டினால் போல்ட் மூடவே மூடாது. பார்த்த மாத்திரத்தில் தெரியும்.

பெட்டி விஷயத்தில் காசு மிச்சம் பிடிக்க வேண்டாம். துணி உறை சட்டப்படி சில இடங்களில் போதும் என்றாலும், ஜிப்பைக் கத்தியால் கிழிக்கப் பத்து விநாடி ஆகாது. கடினமான பிளாஸ்டிக் அல்லது அலுமினியப் பெட்டி, உள்ளே அடர்ந்த ஃபோம், விளிம்பில் ரப்பர் பட்டை, பூட்டுத் துளைகள் குறைந்தது இரண்டு. எத்தனை துளைகள் இருக்கின்றனவோ அத்தனையிலும் பூட்டு போடுங்கள். ஒரே பூட்டு போட்டால் மறுமூலையை நெம்பித் தூக்கிக் கையை விட்டுவிடலாம். பூட்டின் வளையம் துளையை நிறைக்கும் தடிமனில் இருக்கட்டும். மெல்லிய வளையம் தொளதொளவென்று தொங்கினால் நெம்புகோலுக்கு இடம் கொடுத்தாகிவிட்டது. பெட்டியோடு வரும் சின்னக் கொக்கிப் பூட்டுகளை நம்ப வேண்டாம். அவை ஸ்க்ரூடிரைவருக்குத் திறந்துவிடும். தோட்டாப் பெட்டிக்கு வேறு சாவி வைத்திருங்கள்.

ஒரு சின்ன வேலை, பலர் செய்வதில்லை: பெட்டியின் மேல்மூடி எது, குழல் முனை எந்தப் பக்கம் என்று வெளியில் ஓர் அடையாளம் வையுங்கள். கைப்பிடியருகே ஒரு துண்டு வண்ண டேப் போதும். தலைகீழாக வைத்துத் திறந்தால் துப்பாக்கி நழுவி விழும். ஸ்கோப்போ பார்வைக் கருவியோ அடிபடும். குழல் எந்தப் பக்கம் என்று தெரிந்தால், ரேஞ்சில் திறக்கும்போது முதல் நொடியிலேயே அது இலக்குப் பக்கம் இருக்கும். பாதுகாப்பு அதிகாரி கவனிப்பது இதைத்தான். பெட்டியின் மேல் துப்பாக்கி நிறுவனங்களின் ஸ்டிக்கர்கள் இருந்தால் உரித்துவிடுங்கள். கார்க் கண்ணாடியில் ஷூட்டிங் கிளப் ஸ்டிக்கர் இருந்தால் அதையும்தான். உங்கள் பெருமை எனக்குப் புரிகிறது. ஆனால் அந்த ஸ்டிக்கர் திருடனுக்கு எந்தக் காரை உடைக்கலாம் என்று எழுதிக்கொடுத்த சீட்டு.

ஹாட்ச்பேக்குக்குள் வருவோம். போட்டி ரைஃபிள் பெட்டி 120 சென்டிமீட்டருக்குக் குறையாது. பின்பகுதியில் குறுக்கே அது அடங்காது. பின்னிருக்கையில் ஒரு பாதியை மடித்து, பெட்டியை நீளவாக்கில், தரையோடு படுக்கையாக வையுங்கள். ரைஃபிளை அதன் கட்டையிலிருந்து கழற்றிப் பெட்டியைச் சிறிதாக்கலாமே என்று தோன்றும், செய்யாதீர்கள். கட்டையிலிருந்து இயக்கப் பகுதியைப் பிரித்து மறுபடி முடுக்கினால் குறி நகர்ந்துவிடும், போட்டிக் காலையில் அதைச் சரிசெய்ய நேரம் இருக்காது.

பெட்டியை வெறுமனே வைத்தால் போதாது. கனமான போட்டி ரைஃபிளும் பெட்டியும் சேர்ந்து பன்னிரண்டு கிலோ வரும் என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு 50 கிலோமீட்டரில் போகும் வண்டி மோதி அரை மீட்டருக்குள் நின்றால், உள்ளிருக்கும் பொருள் தன் எடையைப்போல் ஏறக்குறைய இருபது மடங்கு விசையோடு முன்னால் பாயும். அதாவது 240 கிலோ எடை உங்கள் கணவரின் முதுகை இடிப்பதற்குச் சமம். பின்பகுதித் தரையில் சாமான் கட்டுவதற்கான உலோக வளையங்கள் இருக்கும். இல்லையென்றால் குழந்தை இருக்கையை மாட்டும் கொக்கிக் கம்பிகள் இருக்கும். பட்டை கொண்டு அவற்றோடு இறுக்குங்கள். அதோடு ஆறு மில்லிமீட்டர் எஃகுக் கேபிள் ஒன்றைப் பெட்டியின் கைப்பிடி வழியாக விட்டு அதே கம்பியில் பூட்டுங்கள். நல்ல வெட்டுக்கருவி இருந்தால் கேபிள் அறுபடும், உண்மைதான். ஆனால் கண்ணாடியை உடைத்துக் கையில் கிடைத்ததை இழுத்துக்கொண்டு ஓடுகிறவனுக்கு ஒரு நிமிடத் தடையே பெரிது.

மேலே வண்டியின் உட்புற நிறத்தில் ஒரு போர்வை. அதன்மேல் துணிப்பை, தலையணைபோன்ற இலேசான சாமான்கள். கனமானவற்றை ஏற்ற வேண்டாம். பெட்டியை ஏற்றுவதை வீட்டு வளாகத்துக்குள், புறப்படுவதற்குச் சற்று முன்பு முடித்துவிடுங்கள். முந்தின இரவே ஏற்றிவைப்பது கூடாது. வழியில் நிறுத்துமிடத்துக்கு வந்த பிறகு பெட்டியை இங்கிருந்து அங்கே மாற்றி மூடுவதும் கூடாது. அப்படி மூடுவதைத்தான் நோட்டமிடுகிறவர்கள் பார்த்துக்கொண்டிருப்பார்கள். போட்டிக்குப் புறப்பட்டாயிற்று என்று படம் போடுவதையும் திரும்பி வந்த பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.

தோட்டாக்கள் கம்பெனி அட்டைப்பெட்டியிலேயே, தனிப் பூட்டுப்பெட்டிக்குள், வண்டியின் வேறொரு மூலையில் இருக்கட்டும். மேகசின்களில் ஒன்றுகூட நிரம்பியிருக்கக் கூடாது. நிரம்பிய மேகசின் துப்பாக்கிப் பெட்டியிலேயே இருந்தால், பல ஊர்களில் விவாதமே தேவையில்லாமல் அது நிரப்பிய துப்பாக்கி என்று முடிவாகிவிடும்.

வெயிலைப் பற்றிப் பலர் பயப்படுவது தவறான காரணத்துக்கு. கார்ச் சூட்டில் தோட்டா தானாக வெடிக்காது. அதற்கு வேண்டிய வெப்பம் வேறு. ஆனால் வெளியே 35 டிகிரி இருந்தால் மூடிய காருக்குள் ஒரு மணி நேரத்தில் 50ஐத் தாண்டிவிடும். சூடேறிய வெடிமருந்தில் அழுத்தமும் தோட்டாவின் வேகமும் மாறும். பயிற்சியில் பார்த்த குறி போட்டியில் வராது. .22 தோட்டாவின் ஈயத்தின் மேல் பூசியிருக்கும் மெழுகும் இளகி வழியும். ஜன்னலோரம் வேண்டாம், பின்னிருக்கையின் கால் வைக்கும் தளத்தில் நிழலில் வையுங்கள். ஏர் பிஸ்டலின் காற்று சிலிண்டர் இதைவிடக் கவனிக்க வேண்டியது. 20 டிகிரியில் 200 பார் அழுத்தத்துக்கு நிரப்பிய சிலிண்டர் 60 டிகிரியில் ஏறக்குறைய 227 பார் காட்டும். முழு அளவுக்கு நிரப்பிக்கொண்டு கிளம்பாமல், போட்டி இடத்தில் போய் நிரப்பிக்கொள்ளுங்கள். சிலிண்டரில் பொறித்திருக்கும் காலாவதித் தேதியையும் இப்போதே பாருங்கள். தேதி கடந்த சிலிண்டரோடு போனால் கருவிச் சோதனையிலேயே திருப்பி அனுப்புவார்கள்.

வழியில் சாப்பிட நிறுத்தினால் இருவரும் ஒன்றாக இறங்கக் கூடாது. அவர் போய்வரட்டும், பிறகு நீங்கள். ஆனால் நீங்கள் இறங்கும்போது அவர் மட்டும் துப்பாக்கியோடு இருக்கிறாரே என்ற கேள்வி வரும். கார் கண்ணில் படும் தூரத்திலேயே இருங்கள், பெட்டிச் சாவிகளும் போல்ட்டும் உங்கள் கைப்பையில் இருக்கட்டும். நீண்ட நேரம் தங்க வேண்டிய வேலைகளை இந்தப் பயணத்தில் வைத்துக்கொள்ளாதீர்கள். பள்ளி வளாகம், நீதிமன்றம், அரசு அலுவலக வாகன நிறுத்தம் போன்றவற்றுக்குள் வண்டியை விடாதீர்கள். வண்டி பூட்டியிருந்தாலும் வளாகத்துக்குள் ஆயுதம் இருப்பதே குற்றமான இடங்கள் உண்டு. அமெரிக்காவில் தபால் நிலைய வாகன நிறுத்தம்கூட அப்படித்தான். கார்ச் சாவியை வாங்கி வண்டியை நிறுத்தித் தரும் ஊழியரிடமும் கொடுக்கக் கூடாது. கொடுத்தால் ஆயுதத்தையே ஒப்படைத்த கணக்கு.

ஆவணங்களைத் துப்பாக்கிப் பெட்டிக்குள் வைப்பது மிகப் பரவலான தவறு. காவலர் உரிமத்தைக் கேட்டால் பெட்டியைத் திறக்க வேண்டி வரும். சாலையோரத்தில் அதைப்போல் பதற்றம் உண்டாக்கும் காட்சி வேறில்லை. அசல் உரிமம், பயண அனுமதி இருந்தால் அது, போட்டிப் பதிவுச் சீட்டு, கிளப் உறுப்பினர் அட்டை, துப்பாக்கிகளின் வரிசை எண் எழுதிய தாள் எல்லாவற்றையும் ஒரு தெளிவான உறையில் போட்டு உங்கள் மடியருகே வையுங்கள். நகல் ஒன்று வீட்டில் இருக்கட்டும்.

காவலர் நிறுத்தினால் எஞ்சினை அணைத்து, இரவானால் உள்விளக்கைப் போட்டு, இருவர் கைகளும் தெரியும்படி வையுங்கள். ஆயுதம் இருப்பதைத் தானாகவே சொல்ல வேண்டும் என்று விதி உள்ள இடங்கள் உண்டு, இல்லாத இடங்களும் உண்டு. உங்கள் வழிக்கு எது என்று முன்பே பார்த்துக்கொள்ளுங்கள். சொல்லும்போது 'துப்பாக்கி' என்று எடுத்த எடுப்பில் தொடங்காமல், "வணக்கம் சார், நான் போட்டிக்குப் போகிற ஷூட்டர். உரிமம் உள்ள ரைஃபிளும் ஏர் பிஸ்டலும் காலியாக, பூட்டிய பெட்டியில் பின்னால் இருக்கின்றன. பேப்பர்கள் இதோ இந்த உறையில், எடுக்கட்டுமா?" என்று நிதானமாகச் சொல்லுங்கள். அவர் சரி என்ற பிறகு எடுங்கள். பெட்டியைக் காட்டுகிறேன் என்று நீங்களாகப் பின்பக்கம் போகாதீர்கள். அவர் திறக்கச் சொன்னால் சாவியைக் கொடுத்து, எது எங்கே என்று வாயால் சொல்லுங்கள்.

இரவில் துப்பாக்கி காரில் தங்கக் கூடாது. இதில் விட்டுக்கொடுப்பதற்கே இடமில்லை. போட்டி ரேஞ்சில் காப்பறை இருந்தால் முந்தின மாலையே போய் ஒப்படைப்பது சிறந்தது. இப்போதே தொலைபேசியில் கேட்டு நேரம் வாங்கிவிடுங்கள். இல்லையென்றால் அறை பதிவு செய்யும்போதே விடுதி மேலாளரிடம் விளையாட்டுத் துப்பாக்கி கொண்டுவருவதைச் சொல்லி, அனுமதியைச் செய்தியாக எழுதி வாங்குங்கள். சில விடுதிகள் மறுக்கும்; வாசலில் போய் நின்று தெரிந்துகொள்வதைவிட வீட்டிலிருந்து தெரிந்துகொள்வது மேல். அறைக்குப் போர்வையோடு, மற்றச் சாமான்களோடு சேர்த்து ஒரே நடையில் கொண்டுபோங்கள். அறையில் கேபிளைக் கட்டில் சட்டம்போல அசையாத ஒன்றில் பூட்டி, தோட்டாப் பெட்டியை வேறிடத்தில் வைத்து, துப்புரவு ஊழியர் வர வேண்டாம் என்று வரவேற்பறையில் சொல்லிவிடுங்கள். சாப்பாட்டை அறைக்கே வரவழையுங்கள்.

வண்டி பழுதானால் இழுத்துச்செல்லும் லாரியோடு காரை அனுப்பிவிட்டு நீங்கள் பின்னால் வருவது கூடாது. லாரி நகர்வதற்கு முன் பெட்டிகள் உங்கள் கைக்கு வர வேண்டும். அல்லது நீங்கள் அதே லாரியில் ஏற வேண்டும். விபத்தானால் முதலில் வரும் அதிகாரியிடம் பெட்டியைப் பற்றிச் சொல்லுங்கள். திருட்டுப் போய்விட்டால் உடனே, அந்த இடத்துக் காவல் நிலையத்தில், வரிசை எண்ணோடு புகார் கொடுங்கள். வீட்டுக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளினால் அந்தத் தாமதமே தனிக் குற்றமாகும் இடங்கள் உண்டு. உரிமம் வழங்கிய அலுவலகத்துக்கும் எழுத்தில் தெரிவியுங்கள்.

குளிர்சாதனக் காரிலிருந்து ஈரக்காற்றுள்ள ரேஞ்சுக்குப் பெட்டியை இறக்கியதும் திறந்துவிட வேண்டாம். குளிர்ந்த இரும்பில் பனிபோல நீர் படியும். குழலுக்குள்ளும் பார்வைக் கருவிக்குள்ளும் படியும். மூடிய பெட்டி வெளிவெப்பத்துக்கு வர அரை மணி முதல் ஒரு மணி நேரம் கொடுங்கள். போட்டி நாளில் அதற்கேற்ப முன்னதாகப் போய்ச் சேருங்கள்.

திரும்பும்போதுதான் அசதியில் தவறு நடக்கும். ரேஞ்சை விட்டுக் கிளம்பும் முன், அங்கேயே, காலி செய்யும் வரிசையை மறுபடியும் முழுக்கச் செய்யுங்கள். ஷூட்டிங் ஜாக்கெட் பை, பேன்ட் பை, துண்டுக்குள், பையின் தையல் மடிப்பு எல்லாவற்றிலும் கைவிட்டுத் துழாவுங்கள். ஒரு .22 தோட்டா மூன்றேகால் கிராம்தான். பைக்குள் ஒளிந்திருந்தால் எடையில் தெரியவே தெரியாது. அதே பையை அடுத்த மாதம் விமான நிலையத்துக்கு எடுத்துப்போகும்போதுதான் ஸ்கேனரில் தெரியும். வீடு வந்ததும் துப்பாக்கியைப் பெட்டி ஃபோமிலேயே விட்டுவைக்காதீர்கள். ஃபோம் ஈரத்தைப் பிடித்துவைத்துக்கொண்டு, படிந்த இடத்தில் துருவை ஏற்றும். குழலைத் துடைத்து எண்ணெயிட்டு, அலமாரியில் பூட்டி, ஈரமான ஃபோமைத் திறந்து காற்றாட விட்டு, சிலிகா ஜெல் பொட்டலத்தை மாற்றிவிட்டுப் படுங்கள்.